சிவில் இன்ஜினியர் தேர்வும் மாறிய சிலபஸும்: மாடியில் கேட்ட கேள்விகள்

மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு மாடிக்கு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலைத் தேர்வுக்குப் படிக்கும் சிவில் இன்ஜினியரிங் பிள்ளைகள் வருவார்கள். நான் அரசுத் துறையில் உதவிப் பொறியாளர். இரண்டு முறை தவறி மூன்றாவது முறை உள்ளே வந்தவள். அந்தத் தகுதியில்தான் பதில் சொல்கிறேன். கடலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு டி.என்.பி.எஸ்.சி. ஒருங்கிணைந்த தொழில்நுட்பப் பணித் தேர்வு; புதுச்சேரிப் பிள்ளைகளில் பலருக்கு மத்திய அரசின் எஸ்.எஸ்.சி. ஜூனியர் இன்ஜினியர் (ஜே.இ.) தேர்வு. சிலர் இரண்டுக்கும் பணம் கட்டி வைத்திருந்தார்கள். போன ஞாயிறு பாதிக் கேள்விகள் "சிலபஸ் மாறிடுச்சே" என்றுதான் ஆரம்பித்தன.

விருத்தாசலத்திலிருந்து வந்த தம்பி: அக்கா, நான் 2015-ல பி.இ. முடிச்சேன். அப்போ எழுதின நோட்ஸ் ஒரு பெட்டி நிறைய இருக்கு. எல்லாத்தையும் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுடலாமா?

போடாதீங்க தம்பி. முதலில் பழைய சிலபஸ், புது சிலபஸ் இரண்டையும் பிரிண்ட் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டிலும் இருப்பதை அடித்துக்கொண்டே வந்தால் மிஞ்சுவது கொஞ்சம்தான். டெர்சாகி 1943-ல் எழுதிய மண்ணின் தாங்குதிறன் சமன்பாட்டை எந்தத் தேர்வாணையமும் மாற்றிவிட முடியாது.

உங்கள் நோட்ஸில் ஆபத்தான இடம் வேறு. சிலபஸில் கான்கிரீட்டுக்கு "கலவை வடிவமைப்பு" என்ற ஒரே வரி அப்படியே இருக்கும். அதற்குப் பின்னால் இருக்கும் கோட் புக், அதாவது ஐ.எஸ். என்ற இந்தியத் தர விதிநூல், மாறியிருக்கும். 2015-ல் நீங்கள் படித்தது ஐ.எஸ். 10262-ன் 2009 பதிப்பு. இப்போது 2019 பதிப்பு. இலக்கு வலிமைக்கு நீங்கள் எஃப்.சி.கே. (கான்கிரீட்டுக்குக் குறித்த வலிமை) கூட்டல் 1.65 எஸ் (திட்ட விலக்கம்) என்று மட்டும் எழுதி வைத்திருப்பீர்கள். புதிதில் இரண்டாவது கணக்கு ஒன்றும் உண்டு: எஃப்.சி.கே. கூட்டல் எக்ஸ். இரண்டில் எது பெரிதோ அதை எடுக்க வேண்டும். எம்25, அதாவது 25 வலிமைக் கான்கிரீட்டுக்கு, கோட் தரும் எக்ஸ் 5.5, எஸ் 4. முதல் வழியில் 31.6, இரண்டாவது வழியில் 30.5, ஆகவே 31.6. விடை மாறாததால் பலர் இரண்டாவது வழியைப் பார்ப்பதே இல்லை. சைட்டில் திட்ட விலக்கம் குறைவாக வந்ததாகக் கேள்வியில் கொடுத்துவிட்டால் அங்கே மாட்டிக்கொள்வீர்கள்.

இப்படியே ஜல்லி, மணலுக்கு ஐ.எஸ். 383-ன் 2016 பதிப்பு. எம்-சாண்ட் இப்போது அதற்குள்ளேயே வருகிறது. 33, 43, 53 கிரேடு சிமெண்ட் மூன்றும் 2015-லிருந்து ஐ.எஸ். 269 என்ற ஒரே கோடில். நிலநடுக்கத்துக்கான ஐ.எஸ். 1893, ஐ.எஸ். 13920 இரண்டுக்கும் நோட்ஸில் எந்த ஆண்டு போட்டிருக்கிறீர்கள் என்று பாருங்கள். காற்று விசைக்கு ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதி, 2015 பதிப்பு. அதில் புதிதாகப் புயல் காரணி கே4 என்று ஒன்று வந்தது: கிழக்குக் கடற்கரைப் பட்டையில் சாதாரணக் கட்டடத்துக்கு 1.0, தொழிற்சாலைக்கு 1.15, புயல் முடிந்ததும் தேவைப்படும் மருத்துவமனை, நிவாரண முகாம் போன்றவற்றுக்கு 1.30. 2011 டிசம்பர் 30 காலையில் 'தானே' புயலுக்குள் உட்கார்ந்திருந்த நம் ஊர்க்காரர்களுக்கு இந்த மூன்று எண்ணும் மறக்கக் கூடாது.

கோட் புக்குக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தளத்தில் பதிவு செய்துகொண்டால் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம்.

லாஸ்பேட்டை, ஆங்கில வழியில் படித்தவர்: மேடம், டி.என்.பி.எஸ்.சி.யில தமிழ்த் தாள் வெறும் தகுதித் தேர்வுதானே? கடைசி வாரத்தில் பார்த்துக்கிட்டா போதாதா?

"வெறும்" என்ற சொல்தான் ஆளைக் கவிழ்க்கிறது. தமிழ்ப் பகுதியில் 100 கேள்வி, 150 மதிப்பெண், பத்தாம் வகுப்புத் தரம். அதில் 60 வர வேண்டும். வராவிட்டால் நீங்கள் உயிரைக் கொடுத்து எழுதிய 300 மதிப்பெண் சிவில் தாளைத் திருத்தவே மாட்டார்கள். வந்தாலும் அந்த மதிப்பெண் ரேங்கில் சேராது. எனவே 130 வாங்கத் தேவையில்லை, 90-ஐக் குறிவைத்துப் பாதுகாப்பாக உட்காருங்கள். ஆறிலிருந்து பத்து வரை பள்ளிப் புத்தகம், தினமும் அரை மணி நேரம். பிரித்தெழுதுக, சந்திப்பிழை, வல்லினம் மிகும் இடம், எதிர்ச்சொல். ஆங்கில வழிப் பிள்ளைகள் விழுவது பெரும்பாலும் சந்தியில்தான்.

கலைச்சொற்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். கான்கிரீட்டுக்குக் கற்காரை. தேர்வில் சரி, சைட்டில் போய் மேஸ்திரியிடம் "கற்காரை எப்போ போடறீங்க" என்று கேட்டுவிடாதீர்கள். நான் கேட்டேன். இரண்டு வருடம் எனக்கு அதுதான் பட்டப்பெயர்.

நெய்வேலி, டிப்ளமோ: எஸ்.எஸ்.சி. ஜே.இ.யில ரெண்டாம் தாள் முன்னாடி விரிவா எழுதணும், இப்போ அப்ஜெக்டிவ் ஆகிடுச்சு. ஈஸிதானே அக்கா?

2023-லிருந்து அப்படி. எளிது என்று சொல்ல மாட்டேன். முன்பு பாதிக் கணக்கு போட்டாலும் பாதி மதிப்பெண் கிடைத்தது. இப்போது கடைசி வரியில் மில்லிமீட்டரை மீட்டராக்க மறந்தால் பூஜ்யம்கூட இல்லை, மைனஸ். 100 கேள்வி, 300 மதிப்பெண், 2 மணி நேரம், தப்புக்கு 1 மதிப்பெண் போகும். கேள்விக்கு 72 விநாடி. முதல் தாளில் 200 கேள்விக்கும் அதே 2 மணி நேரம், அதாவது 36 விநாடி. அங்கே தப்புக்குக் கால் மதிப்பெண்.

ஊகித்து எழுதலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். ரெண்டாம் தாளில் நான்கில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டால், நான்கு தடவையில் ஒரு தடவை 3 வரும், மூன்று தடவை ஒவ்வொன்று போகும். கூட்டினால் சைபர். ஒரு விடையை உறுதியாகத் தள்ள முடிந்தால் மூன்று தடவைக்கு 3 வந்து 2 போகும், உங்கள் பக்கம் 1 நிற்கும். அப்போது தொடலாம்.

டி.என்.பி.எஸ்.சி.யில் மைனஸ் கிடையாது. இரண்டையும் அடுத்தடுத்து எழுதுபவர்கள் கவனியுங்கள். நான் என் இரண்டாவது முயற்சியில், எஸ்.எஸ்.சி.க்குப் பழகின கையோடு போய், தெரியாத கேள்விகளை ஒதுக்கிவிட்டு வந்தேன். வெளியே வந்து எண்ணிப் பார்த்தால் இருபதுக்கு மேல். அந்த முறை தேர்வாக எனக்குக் குறைந்த மதிப்பெண் அதைவிடச் சின்ன எண். யாரையும் குறை சொல்ல வழியில்லை.

காட்டுமன்னார்கோவில்: பாசனக் கணக்குல டியூட்டி, டெல்டா சூத்திரம் எனக்கு நிக்கவே மாட்டேங்குது அக்கா. 8.64 எங்க வரும், மேலயா கீழயா?

வீராணத்துக்காரரே இதைக் கேட்கலாமா! உங்கள் ஏரியை வைத்தே பார்ப்போம்.

8.64 என்பது சூத்திரத்தின் எண் இல்லை. ஒரு வாய்க்காலில் விநாடிக்கு 1 கன மீட்டர் தண்ணீர் ஒரு நாள் முழுக்க ஓடினால் 86,400 கன மீட்டர். ஒரு ஹெக்டேர் 10,000 சதுர மீட்டர். வகுத்தால் 8.64 ஹெக்டேர்-மீட்டர். அவ்வளவுதான். நெல்லுக்கு 120 நாள், மொத்தம் 1.2 மீட்டர் ஆழம் தண்ணீர் (இதுதான் டெல்டா) என்று கேள்வி கொடுத்தால், 8.64-ஐ 120-ஆல் பெருக்கினால் அத்தனை நாளில் வந்த தண்ணீர், 1.2-ஆல் வகுத்தால் அது பாயும் பரப்பு, அதுதான் டியூட்டி. 864 ஹெக்டேர். மேலா கீழா என்ற சந்தேகமே வராது.

இப்போது வீராணம். முழுக் கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி, அதாவது சுமார் 4.15 கோடி கன மீட்டர். ஹெக்டேருக்கு 1.2 மீட்டர் என்றால் 12,000 கன மீட்டர். வகுத்தால் ஏறக்குறைய 3,450 ஹெக்டேர், ஏக்கரில் 8,500. ஆனால் ஏரியின் ஆயக்கட்டு, அதாவது அது பாசனம் தரும் நிலம், சுமார் 45,000 ஏக்கர். சென்னைக்கும் குடிநீர் போகிறது. ஒரு முறை நிரம்பிய ஏரி ஐந்தில் ஒரு பங்குக்குக்கூடப் போதாது. மீதி எங்கிருந்து வருகிறது? மழையை விட்டால், கீழணையிலிருந்து வடவாறு வழியாக மறுபடி மறுபடி வந்து நிரம்புவதால்தான். 1836-ல் கொள்ளிடத்தில் கட்டிய கீழணை இல்லாமல் வீராணத்தின் கணக்கு ஒத்து வராது. இதை ஒரு முறை கையால் போட்டுப் பாருங்கள், அப்புறம் நீர்த்தேக்கம், ஆயக்கட்டு என்று எந்தக் கேள்வி வந்தாலும் கண்ணுக்கு முன்னால் ஏரி நிற்கும்.

மழைநீர் ஓட்டச் சூத்திரத்தில் வரும் 360-ம் இதே மாதிரிதான். ஒரு ஹெக்டேரில் மணிக்கு 1 மில்லிமீட்டர் மழை என்றால் 10 கன மீட்டர், அதை 3,600 விநாடியால் வகுத்தால் 360-ல் ஒன்று.

பண்ருட்டி: காலையில எட்டு மணிக்கு சைட்டுக்குப் போனா ராத்திரிதான் வீடு. கோச்சிங் போறவங்களோட எப்படிப் போட்டி போடறது?

சைட்டுக்குப் போவது உங்களுக்கு லாபம்தான். உதாரணத்துக்கு ஐ.எஸ். 456-ல் சூழல் வகைப்பாடு. கடல் நீருக்குள் முழுக்க மூழ்கிய கான்கிரீட், கடல் நீர்ச் சாரல் படும் கான்கிரீட், அலை ஏறி இறங்கும் மட்டத்தில் நிற்கும் கான்கிரீட்: இதில் எதற்குக் கடுமை அதிகம்? புத்தகம் மட்டும் படித்தவர் மூழ்கியதைத்தான் சொல்வார். தேவனாம்பட்டினத்தில் கடலோரம் வேலை பார்த்தவருக்குத் தெரியும், கம்பி துருப்பிடித்துக் காரை உரிவது நனைந்து காயும் இடத்தில்தான். தண்ணீருக்கு அடியில் கம்பிக்குப் போதுமான ஆக்சிஜன் போய்ச் சேராது. அதனால் மூழ்கியது 'கடுமை', குறைந்தபட்சம் எம்30, கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்) 45 மில்லிமீட்டர். சாரல் 'மிகக் கடுமை', எம்35, 50 மில்லிமீட்டர். அலை மட்டம் 'உச்சக் கடுமை', எம்40, 75 மில்லிமீட்டர்.

தினமும் சைட்டில் பார்த்த ஒரு விஷயத்துக்கு, அன்று இரவே கோடில் இருக்கும் பிரிவைத் தேடிப் படியுங்கள். கோச்சிங் பற்றி என் அபிப்பிராயம்: வாராந்திர டெஸ்டுக்காக மட்டும் போகலாம். வகுப்புக்காக தினமும் பாண்டிக்குப் பஸ் ஏறி இறங்கும் நேரத்தில் ஒரு பாடம் முடித்துவிடலாம்.

புதுச்சேரி, மூன்றாம் ஆண்டு மாணவி: எம்.டெக். சேர்க்கைக்கான கேட் தேர்வு எழுதலாமா அக்கா?

எழுதும்மா, மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம். 2021-லிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட விடையுள்ள கேள்விகள் வருகின்றன. அதற்கு மைனஸ் இல்லை, ஆனால் பாதி சரிக்கும் மதிப்பெண் இல்லை. திரையில் வரும் கால்குலேட்டரில் இப்போதிருந்தே பழகு. கையில் இருப்பதைத் தட்டிப் பழகிய விரல் அங்கே தடுமாறும்.

அரியாங்குப்பம்: என் மாமா பையன் அமெரிக்காவில் பி.இ. லைசென்ஸ் பரீட்சை எழுதுறான். நம்ம ஊர்ல பிளானில் கையெழுத்துப் போட அப்படி ஏதாவது பரீட்சை உண்டா?

அவர் எழுதும் பி.இ. நம் பட்டம் இல்லை, 'புரொஃபஷனல் இன்ஜினியர்'. அங்கேயும் சிலபஸ் மாறியிருக்கிறது. முன்பு பாதித் தாள் சிவில் முழுவதிலிருந்தும் பொதுவாக வரும், மீதிப் பாதி எடுத்துக்கொண்ட பிரிவில். 2024 ஏப்ரலிலிருந்து 80 கேள்வியும் எடுத்துக்கொண்ட பிரிவை ஒட்டியே: கட்டமைப்பு, மண், போக்குவரத்து, நீர்வளமும் சுற்றுச்சூழலும், கட்டுமானம் என்று ஐந்தில் ஒன்று. 2022-லிருந்தே கணினியில்தான் நடக்கிறது. பெட்டி நிறையப் புத்தகம் தூக்கிக்கொண்டு போன காலம் முடிந்தது, திரையில் தரும் கையேடுதான்.

இங்கே கட்டடக் கலைஞர்களுக்கு 1972 சட்டம் இருக்கிறது. சிவில் பொறியாளருக்கு நாடு முழுமைக்கும் அப்படி ஒரு சட்டமோ லைசென்ஸ் பரீட்சையோ இல்லை. தமிழ்நாட்டில் 2019 ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, படிப்பையும் அனுபவத்தையும் காட்டிப் பதிவு செய்துகொள்கிறோம். புதுச்சேரிக்கு விதி தனி. கடலூரில் பதிந்த முத்திரை முள்ளோடையைத் தாண்டினால் செல்லாது. இரண்டு பக்கமும் வேலை எடுப்பவர்கள் இரண்டு பக்கமும் பதிய வேண்டியதுதான்.

குறிஞ்சிப்பாடி: மூணு தடவை போயிடுச்சு அக்கா. வீட்ல மாப்பிள்ளை பார்க்கிறாங்க. இன்னொரு தடவைன்னு கேக்கவே கூச்சமா இருக்கு.

உன் மூன்று மதிப்பெண் பட்டியலையும் எடுத்து வா. ஒவ்வொரு தடவையும் ஏறியிருந்தால், அம்மாவிடம் நான் வந்து பேசுகிறேன். ஒரே இடத்தில் நின்றிருந்தால் எந்தப் பகுதி இழுக்கிறது என்று முதலில் பார்ப்போம்; அநேகமாகப் பொது அறிவாக இருக்கும், சிவில்காரர்கள் எல்லோரும் அதைத்தான் ஒதுக்குகிறோம். கல்யாணம் பற்றி நான் ஒன்று சொன்னால் உன் அப்பா என் வீட்டுக்கு வந்துவிடுவார். ஆனால் நான் மூன்றாவது முறை எழுதியபோது என் பையனுக்கு ஒன்றரை வயது. காலை நாலிலிருந்து ஆறு வரை அவன் தூங்குவான், அதுதான் எனக்குக் கிடைத்த நேரம்.

அடுத்த ஞாயிறு மண் இயக்கவியல் கணக்குகள் மட்டும். போன முறை என் ஐ.எஸ். 10262 அச்சுப் பிரதியை வாங்கிப் போனவர் யாரானாலும், ஓரத்தில் பென்சிலால் எழுதியதை அழிக்காமல் கொண்டு வாருங்கள்.