அரைவேக்காடும் கூமுட்டையும்: வாசகர் கேள்விகள்

போன மாதம் பருப்பு ஏன் வேகவில்லை என்று எழுதினேன், இரண்டே கடிதம். இந்த மாதம் முட்டை என்றதும் பெட்டி நிரம்பிவிட்டது. சுத்த சைவ வீட்டிலிருந்துகூட ஒன்று வந்திருக்கிறது, ஊரைக்கூடப் போட வேண்டாம் என்ற வேண்டுகோளோடு.

கே: மாமியார் வருகிறாரே என்று அன்று காலையில் வாங்கிய புத்தம்புது முட்டையில் குழம்பு வைத்தேன். உரிக்கும்போது பாதி வெள்ளை ஓட்டோடு போய்விட்டது. குழம்பில் கிடந்தவை நிலாவின் தரை மாதிரி இருந்தன. என் கை சரியில்லையா? (ஈசூன் வாசகி)

ப: கை சரிதான், முட்டைதான் ரொம்பப் புதுசு. புது முட்டையின் வெள்ளையில் கரியமில வாயு கரைந்திருப்பதால் காரத்தன்மை குறைவு. அதை அளக்கும் பிஎச் எண் 8க்குப் பக்கத்தில் இருக்கும். நாளாக நாளாக ஓட்டின் நுண்துளைகள் வழியே வாயு கசிந்து, பிஎச் 9ஐத் தாண்டும். அதற்குப் பிறகுதான் வெள்ளை உள்சவ்வை விட்டுப் பிரியச் சம்மதிக்கும். ஆகவே ஆம்லெட்டுக்குப் புதுசு, குழம்புக்கு ஒரு வாரம் குளிர்பெட்டியில் கிடந்தது.

அவசரமா? பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பேற்றாதீர்கள். கொதிக்கிற நீரில் நேரே இறக்குங்கள், அல்லது இட்லிப் பானையில் ஆவியில் வையுங்கள். வெந்ததும் ஐஸ் தண்ணீர். உப்பு, வினிகர் வைத்தியமெல்லாம் எனக்குப் பலித்ததில்லை. குழிவிழுந்த முட்டையில் மசாலா நன்றாகப் பிடிக்கும் என்று மாமியாரிடம் சொல்லிப் பாருங்கள். பொய்யுமில்லை.

கே: அவித்த முட்டையில் மஞ்சளைச் சுற்றிப் பச்சை வளையம். விஷமா?

ப: மறதி. நீங்கள் நாடகம் பார்த்த நேரத்தில் வெள்ளையிலிருந்து கிளம்பிய ஹைட்ரஜன் சல்பைடு, மஞ்சளில் இருந்த இரும்போடு சேர்ந்துகொண்டது. தாராளமாகச் சாப்பிடலாம்.

கே: கோப்பிக்கடை அரைவேக்காட்டு முட்டை வீட்டில் மட்டும் வருவதில்லையே, ஏன்? ஒருநாள் கல், ஒருநாள் சளி. (பிடோக் வாசகர்)

ப: ஓர் ஆளை அரைவேக்காடு என்றால் அடிக்க வருவார். கோப்பிக்கடையில் அரைவேக்காடு ரெண்டு என்றால் கறுப்பு சோயாவும் வெள்ளை மிளகுத்தூளும் கூடவே வரும். இந்த மரியாதைக்குக் காரணம் சூட்டுக் கணக்கு.

வெள்ளைக்கரு ஒரே பொருளல்ல. அதிலுள்ள ஒரு புரதம் 61, 62 டிகிரியிலேயே பால்போலத் திரள ஆரம்பிக்கும். ஆனால் அதிலுள்ள புரதத்தில் பாதிக்கு மேல் ஓவல்புமின். அது இறுக 80 டிகிரி கேட்கும். மஞ்சளோ 65இல் கெட்டிப்பட்டு 70இல் உறைந்துவிடும். அடுப்பில் கொதிக்கவிட்டால் எல்லாமே இறுகிப்போகும். அதனால்தான் கடைக்காரர் கொதித்த நீரை ஊற்றி, மூடி வைத்துவிட்டு உங்கள் கோப்பியை ஆற்றப் போகிறார். நீர் ஆறிக்கொண்டே வர, வெள்ளை பாதித் திரளும், மஞ்சள் ஓடும்.

வீட்டில் ஒரு லிட்டர் நீரைக் கொதிக்கவைத்து அடுப்பை அணையுங்கள். இரண்டு முட்டையை இறக்கி, மூடி, ஏழு நிமிடம். குளிர்பெட்டி முட்டை என்றால் அரைமணி முன்பே வெளியே எடுங்கள். உங்கள் சளிக்குக் காரணம் எனக்குத் தெரியும்: விருந்தாளி வந்ததும் அதே நீரில் நாலு முட்டை போட்டிருப்பீர்கள். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் இது வேண்டாம். சால்மொனெல்லா கிருமி அரைவேக்காட்டில் பிழைத்துக்கொள்ளும்.

கே: உயரத்தில் தண்ணீர் சீக்கிரம் கொதிக்குமாம். புக்கிட் தீமா மலையில் முட்டை அவித்தால் எரிவாயு மிச்சமா?

ப: மலை 163 மீட்டர் சொச்சம். கொதிநிலை அரை டிகிரி குறையும், அவ்வளவுதான். எவரெஸ்ட் உச்சியில் 70 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும். அங்கே முட்டை வேக இன்னும் அதிக நேரம் எடுக்கும். புக்கிட் தீமாவில் அதற்குள் குரங்கு எடுத்துக்கொண்டு போய்விடும்.

கே: மகன் அறிவியலில் முட்டை வாங்கிவிட்டான்.

ப: பச்சையா, அவித்ததா? மேசையில் சுழலவிட்டு, விரலால் ஒரு நொடி நிறுத்தி விடச் சொல்லுங்கள். அவித்தது நின்றுவிடும். பச்சை முட்டை மறுபடி சுழலும், உள்ளே இருக்கும் திரவம் நிற்காததால். ஓடுவது ஓடிக்கொண்டே இருக்கப் பார்க்கும் இந்தக் குணம்தான் நிலைமம். அதைப் பற்றி அடுத்த தேர்வில் ஒரு மார்க்காவது தேறும்.

கே: கூமுட்டையைக் கண்டுபிடிப்பது எப்படி?

ப: தண்ணீரில் போடுங்கள். படுத்தால் புதுசு. நின்றால் பழசு, குழம்புக்கு உத்தமம். மிதந்தால் தனிக் கிண்ணத்தில் உடையுங்கள், மூக்கு சொல்லிவிடும். மனிதர்களில் கண்டுபிடிக்க வழி கேட்டிருந்தால், அது வேறு பகுதி.

கே: கணவர் முட்டையை அதிகமாக வேகவைத்துவிட்டார். திரும்பப் பச்சையாக்க முடியுமா? (உட்லண்ட்ஸ் வாசகி)

ப: ஓரளவு முடியும். கலிஃபோர்னியாவில் கிரிகரி வைஸும் ஆஸ்திரேலியாவில் காலின் ராஸ்டனும் தங்கள் குழுக்களோடு அவித்த வெள்ளைக்கருவை யூரியாவில் கரைத்து, ஒரு சுழற்சிக் கருவியில் ஓட்டி, முடிச்சுப்போட்ட புரதங்களைப் பிரித்துக் காட்டினார்கள். 2015இல் சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் இக் நோபல் பரிசும் கிடைத்தது. யூரியா என்றால் சிறுநீரில் இருப்பதுதான். கணவரிடம் இதைச் சொல்லிவிட்டு ஆம்லெட் போடச் சொல்லுங்கள்.