கொக்கி தண்ணீரைத் தொடட்டும், பிறகு நீங்கள் தொடுங்கள்

கேள்வி: கடலோரக் காவல்படையின் பழைய சேத்தக்குக்கும் புதிய துருவ் ஹெலிகாப்டருக்கும் என்ன வித்தியாசம்? (வாசகர், ராயபுரம்)

சேத்தக்குக்கு ஒரே இன்ஜின். நடுக்கடலில் அது நின்றால் தண்ணீரில் இறங்குவதைத் தவிர வழியில்லை. இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் (எச்.ஏ.எல்.) தயாரிக்கும் துருவ் மார்க் 3-க்கு இரண்டு ‘சக்தி’ இன்ஜின்கள். முழுச் சுமையோடு சேத்தக் 2.2 டன் என்றால் இது சுமார் 5.5 டன். இந்த ரகத்துக்கான 840 ஸ்குவாட்ரன் (படைப்பிரிவு) 2022 நவம்பர் 30 அன்று சென்னையில் தொடங்கப்பட்டது. மூக்கில் ரேடார், சூட்டை உணரும் கேமரா, தேடுவிளக்கு, ஒலிபெருக்கி, தேவைக்கேற்பக் கழற்றி மாட்டும் தீவிர சிகிச்சைப் பிரிவு எல்லாம் உண்டு. இவற்றில் கேமராவைத்தான் முதலில் சொல்ல வேண்டும். படகை ரேடார் பிடித்துவிடும். அலைக்கு நடுவே தலை மட்டும் தெரிகிற மனிதனைப் பிடிப்பது கடினம். இரவில் அவனைக் காட்டிக்கொடுப்பது உடல் சூடுதான்.

கேள்வி: இரண்டு இன்ஜின் இருந்தும் குஜராத்தின் போர்பந்தரில் கடலோரக் காவல்படையின் துருவ் விழுந்ததே? (வாசகி, தூத்துக்குடி)

2025 ஜனவரி 5 அன்று நடந்த அந்த விபத்தில் மூன்று வீரர்கள் உயிரிழந்தார்கள். விசாரணையில் ஸ்வாஷ் பிளேட் பேரிங் முறிந்திருந்தது தெரியவந்தது. விமானி கையில் அசைக்கும் கட்டுப்பாட்டை, சுழலும் இறக்கைகளுக்குக் கொண்டுபோகும் பாகம் அது. அது உடைந்தால் இன்ஜின் எத்தனை இருந்தாலும் ஹெலிகாப்டர் சொன்னபடி கேட்காது. துருவ் ரகம் முழுவதும் பறக்காமல் நிறுத்தப்பட்டது. மே மாதம் தரைப்படை, விமானப்படை ரகங்களுக்கு அனுமதி கிடைத்தபோதும் கடற்படை, கடலோரக் காவல்படை ரகங்களுக்குக் கிடைக்கவில்லை. அந்த எச்சரிக்கை சரியானதே. காப்பாற்றப் போகிறவர்களின் உயிரும் உயிர்தான்.

கேள்வி: விசைப்படகில் ஒருவருக்குப் பலமாக அடிபட்டு ஹெலிகாப்டர் வந்தால் நாங்கள் என்ன செய்ய வேண்டும்? (வாசகர், நாகப்பட்டினம்)

கடலோரக் காவல்படையின் அழைப்பு எண் 1554, வி.எச்.எஃப். (படகு ரேடியோ) என்றால் சேனல் 16. கரையைவிட்டுத் தள்ளிப் போனால் செல்போன் எடுக்காது என்பதால் வி.எச்.எஃப். இல்லாமல் கடலுக்குப் போகாதீர்கள்.

சத்தம் கேட்பதற்கு முன்பே தளத்தைச் சுத்தம் செய்யுங்கள். ஐஸ் பெட்டியின் தெர்மாகோல் மூடி, தார்ப்பாய், மிதவை, காயப்போட்ட துணி எல்லாம் கீழே போகட்டும். இறக்கைக் காற்று ஒரு மூடியை மேலே தூக்கி இன்ஜினுக்குள் இழுத்தால் போதும். கொடியையும் ஏரியலையும் இறக்கிவிடுங்கள்.

படகை நிறுத்தாதீர்கள், நின்ற படகு உருளும். அணியத்துக்கு (படகின் முன்பக்கம்) இடப்பக்கமாகச் சுமார் 30 டிகிரியில் காற்று வரும்படி பிடித்து, ஒரே வேகத்தில் மெதுவாக ஓட்டுங்கள். பெரும்பாலான ஹெலிகாப்டர்களில் கம்பியை இறக்கி ஆளைத் தூக்கும் விஞ்ச் வலப்பக்கம் இருக்கும், ஓட்டும் விமானியும் வலப்பக்கம் இருப்பார். இப்படிப் போனால் அவர் காற்றை எதிர்கொண்டபடியே உங்களையும் பார்க்கலாம். பகலில் ஆரஞ்சுப் புகை நல்ல அடையாளம். ஹெலிகாப்டர் பக்கத்தில் வந்த பிறகு அபாய ராக்கெட் விடாதீர்கள். இரவில் விமானியின் முகத்தில் டார்ச் அடிக்காதீர்கள்.

விஞ்ச் கம்பியில் இறங்கிவரும் கொக்கியைத் தாவிப் பிடிக்கக் கூடாது. சுழலும் இறக்கையால் ஹெலிகாப்டரில் நிலைமின்சாரம் ஏறியிருக்கும். பிடிப்பவர் தூக்கி எறியப்படலாம். அது தண்ணீரையோ தளத்தையோ ஒருமுறை தொட்ட பிறகு பிடியுங்கள். கொக்கியையோ கயிற்றையோ படகின் எந்தப் பாகத்திலும் கட்டாதீர்கள், கையில் சுற்றாதீர்கள். ஒரு அலை படகைக் கீழே இழுத்தால் மேலே இருப்பவர்களும் சேர்ந்து போவார்கள்.

ஆளைத் தூக்கும் பட்டையைத் தலைவழியாக மாட்டி, இரண்டு அக்குளுக்கும் அடியில் இறக்கி, இறுக்க வேண்டும். மேலே போகும்போது கைகள் கீழேயே இருக்கட்டும். பயத்தில் கையைத் தூக்கினால் பட்டை நழுவிவிடும். வாசல் வந்ததும் விளிம்பைப் பிடிக்க வேண்டாம். உங்களைத் திருப்பி உள்ளே இழுப்பது அவர்கள் வேலை.

கேள்வி: பல மணி நேரம் தண்ணீரில் கிடந்தவரைத் தூக்கும்போது ஏன் படுக்கவைத்துத் தூக்குகிறார்கள்? (வாசகர், ராமேஸ்வரம்)

தண்ணீர் உடலைச் சுற்றி அழுத்திக்கொண்டே இருக்கும். நிமிர்த்தித் தூக்கியதும் அந்த அழுத்தம் போய், ரத்தம் கால்களுக்கு இறங்கி, இதயமே நிற்கலாம். அதனால் ஸ்ட்ரெச்சர், இல்லையென்றால் முழங்காலுக்கு அடியில் இரண்டாவது பட்டை. படகில் நீங்களே தூக்கினாலும் இதே முறைதான்: படுத்தபடி ஏற்றுங்கள், ஏறியதும் எழுந்து நிற்கவிடாதீர்கள், கை கால்களைத் தேய்க்காதீர்கள்.