நாலு மணி வர்க்கியும் நாலாயிரம் ரூபாய் டின்னும்

கேள்வி: எனக்கு வயது 41. கோத்தகிரி பக்கம் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறேன். சாயங்காலம் நாலு மணி ஆனால் வாய் நமநமவென்று இருக்கிறது. டீயும் வர்க்கியும் (மைதாவில் சுட்ட மொறுமொறு பண்டம்) இல்லாமல் முடியவில்லை. இரண்டோடு நிறுத்தலாம் என்று உட்கார்ந்தால் ஆறு, ஏழு போய்விடுகிறது. மூன்று மாதச் சர்க்கரை (HbA1c) 6.0 என்று வந்திருக்கிறது. மாத்திரை எதுவும் இல்லை. எங்கள் லைன் வீடுகளில் ஒரு அக்கா டின் பவுடர் விற்கிறார். காலையும் இரவும் சாப்பாட்டுக்குப் பதில் அதைக் கலக்கிக் குடித்தால் 21 நாளில் தின்பண்ட ஆசையே போய்விடுமாம். ஒரு டின் 4,000 ரூபாய். ஆயிரம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். மீதியைக் கொடுக்கட்டுமா? சில நாள் சமைக்கும்போது பச்சரிசியை அள்ளி மென்றுகொண்டே இருப்பேன். அதற்கும் இந்தப் பவுடர் கேட்குமா?

பதில்: கொடுக்காதீர்கள். மீதி மூவாயிரம் உங்களிடமே இருக்கட்டும். டின்னைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, அதை அப்புறம் சொல்கிறேன். முதலில் உங்கள் நாலு மணியைப் பார்ப்போம்.

அந்த ஆசை நாலு மணிக்கு வருவதில்லை, காலை ஆறு மணிக்கே கிளம்பிவிடுகிறது. பறிப்புக்குப் போகிற பெண்கள் என்னிடம் வந்தால் நான் முதலில் கேட்பது, நேற்று எழுந்ததிலிருந்து என்னென்ன சாப்பிட்டீர்கள் என்றுதான். பதில் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் வரும். எழுந்ததும் இனிப்பு டீ, ஒரு பன். பத்து மணிக்குத் தேயிலைக் காட்டில் மறுபடியும் டீ. மதியம் தூக்குவாளியில் சோறு, ரசம், ஓரத்தில் கொஞ்சம் உருளைக்கிழங்கு. இதை வைத்துக்கொண்டு நாள் முழுக்க மேடும் பள்ளமுமாக மூட்டை சுமந்து நடக்கிறீர்கள். மைதா, சர்க்கரை, வெள்ளைச் சோறு மூன்றும் சீக்கிரம் செரித்து ரத்தத்தில் சர்க்கரையை மளமளவென்று ஏற்றும். ஏறிய வேகத்தில் அது இறங்கும்போது, கைக்கு எட்டுகிற இனிப்பை உடம்பு தேடும். அதனால் நாக்குக்கு அடக்கமில்லை என்று உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள். வயிறு நியாயமாகத்தான் கேட்கிறது, கேட்பதைக் காலையிலேயே கொடுத்திருக்க வேண்டும்.

கொடுக்காமல் விட்டது என்ன? புரதமும் நாரும். 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 40 கிராமுக்குச் சற்றுக் கூடுதலாகப் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்து அவித்தால் சுமார் 10 கிராம் கிடைக்கும். காலையில் பன்னுக்குப் பதில் ராகிக் களியோ இரண்டு தோசையோ, கூடவே ஒரு முட்டை அல்லது பாசிப்பயறு. தூக்குவாளியில் சோற்றைக் கொஞ்சம் குறைத்து, அவரையோ பட்டாணியோ கெட்டியாகப் போட்ட குழம்பு, ஒரு பிடி கீரை. இந்த மலையில் தேயிலை வருவதற்கு முன்னால் சாமையும் ராகியும் அவரையும்தான் சாப்பாடு. நான் புதிதாக எதையும் சொல்லவில்லை. அப்புறம் மூன்று மணிக்கு, ஆசை வருவதற்கு முன்பே, மடியில் வைத்திருக்கும் சுண்டலையோ வறுத்த நிலக்கடலையையோ ஒரு கை சாப்பிட்டுவிடுங்கள். நேரம் முக்கியம். நாலரைக்குக் கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்து சாப்பிடலாம் என்றால் வர்க்கிதான் ஜெயிக்கும்.

வர்க்கியைத் தொடாதே என்று சொல்ல மாட்டேன். ஊட்டி வர்க்கிக்கு 2023இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது, நம் ஊர்ப் பண்டம் அது. அடியோடு விடச் சொன்னால் பத்து நாள் விடுவீர்கள், பதினோராம் நாள் பாக்கெட்டோடு உட்காருவீர்கள். ஆனால் ஒன்று செய்து பாருங்கள். ஒரு வர்க்கியைச் செய்தித்தாள் மேல் பத்து நிமிடம் வைத்துவிட்டு எடுங்கள். தாளில் கண்ணாடி போல ஒரு வட்டம் தெரியும், அந்தப் பக்கத்து எழுத்துகூட அதில் படிக்கலாம். அவ்வளவும் மைதா குடித்திருக்கும் கொழுப்பு. இதைப் பார்த்தவர்கள் தாங்களாகவே எண்ணிச் சாப்பிட ஆரம்பிக்கிறார்கள். சுண்டலுக்குப் பிறகு இரண்டு வர்க்கி, அவ்வளவுதான். அதையும் கடையில் சில்லறையாக இரண்டு வாங்குங்கள். பாக்கெட் வீட்டுக்கு வந்தால் எண்ணிக்கை நிற்காது.

டீயையும் கணக்குப் போடுங்கள். ஒரு டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை, நாளைக்கு ஆறு டம்ளர் என்றால் பன்னிரண்டு ஸ்பூன். ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள், அதாவது ஐந்தாறு ஸ்பூனுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். டம்ளருக்கு வாரம் அரை ஸ்பூன் வீதம் குறையுங்கள். ஒரு மாதத்தில் நாக்கு பழகிவிடும்.

சரி, டின்.

இந்த வியாபாரம் எப்படி நடக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். இலவசமாக எடை பார்க்கிறோம் என்று கூப்பிடுவார்கள். ஒரு கருவி மேல் ஏற்றி, உங்கள் உடம்புக்கு வயது 58 என்று காட்டுவார்கள். பாதி பேர் அங்கேயே பயந்துபோய்ப் பணத்தை எடுத்துவிடுகிறார்கள். இரண்டு வேளைச் சாப்பாட்டை நிறுத்தினால் யாருக்கும் எடை குறையும், அது பவுடரின் மகிமை இல்லை. பணம் தீர்ந்து டின்னை நிறுத்தியதும் பசி இரண்டு மடங்காகத் திரும்பி வரும். அப்போது, நாலு பேரைச் சேர்த்துவிட்டால் உங்கள் டின் இலவசம் என்பார்கள். உங்களுக்கு விற்ற அக்காவும் இப்படி மாட்டியவராகத்தான் இருப்பார், அவர் மேல் எனக்குக் கோபமில்லை. மேலே உட்கார்ந்து கமிஷன் எண்ணுகிறவர்கள் மேல்தான் கோபம். நாலாயிரம் என்றால் கூலி வேலை செய்கிற பெண்ணின் பத்து நாள் சம்பாத்தியம்.

போன மாதம் ஒருவர் தன் டின்னை என் மேசைக்கே கொண்டுவந்தார். லேபிள் முழுக்க எறும்பு ஊர்ந்த மாதிரி ஆங்கிலம். இருவரும் சேர்ந்து கூட்டிப் பார்த்தோம். ஒரு வேளைக்கு வருகிற புரதத்தில் பாதி, அவர் கலப்பதற்காக ஊற்றிய பாலிலிருந்துதான் வந்தது. மீதி ஒன்றரை முட்டைக்குச் சமம். டின்னில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதே, அரசாங்கமே ஒப்புக்கொண்டதுதானே என்று கேட்டார். அந்த எண் கடலை மிட்டாய் பாக்கெட்டிலும்தான் இருக்கிறது. தயாரிப்பவர் உரிமம் வாங்கியிருக்கிறார் என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம், ஆசையையும் சர்க்கரையையும் போக்கும் என்று யாரும் சான்று தரவில்லை. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியிலேயே புரதப் பவுடர்கள் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது.

ஆனால் இதை உங்களிடம் சொல்ல ஆள் இல்லை, அதுதான் எனக்கு ஆறவே இல்லை. சர்க்கரை மாத்திரை வீடு தேடி வருகிறது, நல்ல விஷயம். தூக்குவாளியைத் திறந்து பார்க்க யாரும் வருவதில்லை. கிராமத்துச் சுகாதார நிலையத்தில் உணவு ஆலோசனைக்கென்று ஒருவர் உட்கார்ந்திருந்தால் டின்காரருக்கு அங்கே என்ன வேலை? ரேஷனையும் பாருங்கள். அரிசி 20 கிலோ வரை விலையில்லாமல் கிடைக்கிறது, துவரம் பருப்பு கார்டுக்கு 30 ரூபாயில் ஒரே ஒரு கிலோ. தட்டில் சோறு குவிந்து பருப்பு மெலிவதில் ஆச்சரியம் என்ன? நீலகிரி ரேஷன் கடைகளில் 2023 முதல் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக ராகி வாங்கிக்கொள்ளலாம் என்று வந்திருக்கிறது. அதை விடாமல் கேட்டு வாங்குங்கள்.

இனி பச்சரிசி. நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு உங்கள் கடிதத்தில் பெரிதாகப் பட்டது அதுதான். வர்க்கி ஆசைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மேலே சொன்ன சுண்டலும் முட்டையும் மட்டும் இதற்குப் போதாது. பச்சரிசி, சாம்பல், மண், சாக்பீஸ், ஐஸ்கட்டி என்று சத்தில்லாததை மெல்லச் சொல்லி உடம்பு கேட்டால், பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவு பின்னால் இருக்கும். வெளியே சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு வருடக் கணக்கில் மெல்கிறவர்கள் உண்டு. வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. இரும்பு ஏறியதும் பெரும்பாலானவர்களுக்கு அந்த ஆசை தானாக நின்றுவிடும்.

அதனால் இந்த வாரமே ஹீமோகுளோபின் பாருங்கள். முடிந்தால், உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டினும் பாருங்கள். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. நாம் இருப்பது மலை. உயரத்தில் வாழ்கிறவர்களுக்கு அந்த எல்லையே கொஞ்சம் மேலே இருக்க வேண்டும். லேப் சீட்டில் சமவெளிக் கணக்கைத்தான் அச்சடித்துக் கொடுக்கிறார்கள். ஆகவே 12.1 என்று வந்து, நார்மல் என்று சொல்லி அனுப்பினால், பச்சரிசி மெல்வதைச் சொல்லி மறுபடி கேளுங்கள். இன்னொன்றும் உண்டு. இரும்புக் குறைவு இருந்தால் மூன்று மாதச் சர்க்கரை அளவு உள்ளதைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டக்கூடும். 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை என்பார்கள். உங்கள் 6.0 உண்மையில் அவ்வளவுதானா என்பது, ரத்தம் சரியான பிறகு எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். மாதவிடாயில் போக்கு அதிகமா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். காட்டில் செருப்பில்லாமல் நடப்பதுண்டு என்றால் குடலில் ரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழு இருக்கலாம், அதையும் கேளுங்கள்.

இரும்பு மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். மலம் கறுத்துப் போகும், பயந்து நிறுத்திவிடாதீர்கள். டீயோடு மட்டும் விழுங்கக் கூடாது. டீயில் இருக்கும் துவர்ப்பு இரும்பைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பில் சேர விடாது. சாப்பாட்டுக்கும் அதே கதைதான். கீரையைச் சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் கீரையின் இரும்பில் பெரும்பகுதி வீண். முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். நாள் முழுக்க டீக்குள்ளேயே வாழ்கிற ஊரில் இதை யாரும் சொல்வதில்லை. மாத்திரையை எலுமிச்சம்பழத் தண்ணீரோடு போடலாம். நெல்லிக்காய், கொய்யா எது கிடைத்தாலும் சாப்பாட்டோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

கொடுத்த ஆயிரத்தை விட்டுவிடாதீர்கள். டின் வேண்டாம், பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று அந்த அக்காவிடம் நேரில் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பிலும் ஒரு வரி போட்டுவையுங்கள், பின்னால் சாட்சிக்கு ஆகும். கம்பெனியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று இழுத்தடித்தால் 1915க்குப் போன் செய்யுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் அது, புகார் பதிய காசு கிடையாது.