தாயிடம் சொல்லும் காட்சி பிரசங்கமாகிறது என்றால்

அந்தக் காட்சியை வெட்டிவிடுங்கள். உங்கள் கதையின் உயர்தர மாணவி, தான் ஒரு பெண்ணைக் காதலிப்பதை முதலில் தோழியிடம்தான் சொல்வாள். டியூட்டரி விட்டு நல்லூர்ப் பக்கம் இரண்டு சைக்கிள்களும் அருகருகே போகும்போது, முகம் பார்க்காமல், பாதி வசனத்தில்.

முன்பு அவள் விரும்பிய பையனை வெறும் மயக்கமென்று ஆக்கியதே சிக்கலுக்குக் காரணம் என்று நினைக்கிறேன். அவள் இருபாலீர்ப்புடையவள். அந்தக் காதலும் உண்மை, இந்தக் காதலும் உண்மை. ஒன்றை மறுக்கவைத்ததால்தான் தாயிடம் பக்கம் பக்கமாக விளக்குகிறாள், பாவம்.

அவளது பேச்சை மட்டும் உரக்க வாசித்துப் பாருங்கள். பையனைப் பற்றி ஒரு நல்ல நினைவாவது மிஞ்சுகிறதா?

இது நிஜத்தில் உங்கள் தோழி ஒருத்தியின் கதையென்றால், அவளை யாரும் அடையாளம் காணாதபடி பாடசாலையையும் ஒழுங்கையையும் கட்டாயம் மாற்றுங்கள். ஏனென்றால் ஒருபால் உறவைக் குற்றமாக்கும் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவு 1995 திருத்தத்தோடு பெண்களையும் உள்ளடக்கியது.