டர்பனில் பனிப்பாறையா? கண்டங்கள் நகர்ந்தால் தட்பவெப்பம் மாறுமா?

உறைபனியே அறியாத நம் தென்னாப்பிரிக்க டர்பனில் பனியாறு (மெல்ல நகரும் பெரும் பனித்திரள்) விட்டுச்சென்ற பாறை இருப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மைதான். இங்குள்ள கல்குவாரிகளில் கிடைக்கும் நீலச்சாம்பல் நிற ட்வைக்கா டில்லைட்டை, அதாவது பனியாறு கொட்டிய சேறும் கற்களும் இறுகிய பாறையைப் பாருங்கள்: நுண்ணிய சேற்றுக்குள் கூழாங்கல் முதல் பெரும் பாறைத்துண்டு வரை கலந்து கிடக்கும். ஓடும் நீர் கற்களை அளவுவாரியாகப் பிரித்துப் போடும். பனியாறோ எல்லாவற்றையும் அள்ளிவந்து ஒன்றாகக் கொட்டிவிடும். கிம்பர்லி அருகே, அது தரைப்பாறையில் கீறிய கோடுகளை இன்றும் விரலால் தொடலாம்.

அது சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கதை. அப்போது ஆப்பிரிக்கா, இந்தியா, அண்டார்டிகா எல்லாம் கோண்டுவானா என்ற ஒரே நிலமாகத் தென்துருவத்தை ஒட்டிக் கிடந்தன; பிறகுதான் பிரிந்து நகர்ந்தன. நம் முன்னோர் புறப்பட்டு வந்த இந்தியாவிலும், ஒடிசாவின் தால்ச்சேரில், இதே பனிப்படிவம் இருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

கண்டங்கள் பிரியும்போது அவற்றுக்கிடையே திறக்கும் கடல்வழிகளான கடல்வாயில்களின் பங்கு பிற்காலத்தது. ஆஸ்திரேலியாவும் தென் அமெரிக்காவும் அண்டார்டிகாவை விட்டு விலகியதும், அதைச் சுற்றித் தடையின்றி ஓடும் கடல் நீரோட்டம் உருவாக வழி பிறந்தது. வடக்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான நீரை அது பெருமளவு தடுத்தது. சுமார் 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே பெரும் பனிப்படலம் மூடியது. ஆனால் கடல்வாயில்களை மட்டுமே காரணமாகச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். காற்றில் கரியமில வாயு குறைந்ததற்கே அதில் பெரும்பங்கு என்பேன்.

நீரோட்டத்தின் வலிமையை இங்கேயே உணரலாம். டர்பன் கடலை அகுலாஸ் நீரோட்டம் வெதுவெதுப்பாக்குகிறது. கேப் டவுனின் மேற்குக் கரையிலோ, குளிர்ந்த பெங்குவெலா நீரோட்டத்தால் கோடையிலும் கால் விறைக்கும்.