மினசோட்டாவில் தோற்ற திருத்தம்

அன்புள்ள ஐயா,

2012 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்வது மட்டுமே திருமணம் என்று மாநில அரசியலமைப்பில் எழுதலாமா என மக்களிடம் கேட்டார்கள். ஆதரவு 47.4 சதவீதம், எதிர்ப்பு 51.2 சதவீதம். கூட்டினால் நூறு வரவில்லையே? எதிர்ப்பு ஜெயித்ததால் அன்றே தன்பாலினத் திருமணம் அங்கே செல்லுபடியாகிவிட்டதா? அப்புறம், 2015இல் உச்ச நீதிமன்றமே தன்பாலினத் திருமணம் செல்லும் என்று நாடு முழுவதற்கும் தீர்ப்பளித்த பிறகு இந்த வாக்கெடுப்புக்கு என்ன மதிப்பு?

எம்., மதுரை

அன்புள்ள எம்.,

மீதிப் பேர் வாக்குச்சாவடிக்கு வந்து, இந்தக் கேள்வியை மட்டும் நிரப்பாமல் விட்டவர்கள். மினசோட்டாவில் 1898 முதல் ஒரு விதி உண்டு. அந்தத் தேர்தலில் வாக்களித்த எல்லோரிலும் பாதிக்கு மேல் ‘ஆம்’ என்றால்தான் திருத்தம் நிறைவேறும். காலியாக விட்டாலும் ‘இல்லை’ கணக்கில்தான் சேரும். இந்த முறை அந்த விதி இல்லாவிட்டாலும் திருத்தம் தோற்றிருக்கும் என்பது வேறு விஷயம். 2008இல் கலிஃபோர்னியாவில் சாதாரணப் பெரும்பான்மை போதும். 52 சதவீதத்தில் இதே போன்ற திருத்தம் நிறைவேறியது. ஃபுளோரிடாவில் 60 சதவீதம் தேவை. அதையும் தாண்டி ஜெயித்தது. இப்படிப்பட்ட முடிவுகளைப் படிக்கும்போது, யார் ஜெயித்தார் என்பதற்கு முன் எத்தனை தேவை என்று பாருங்கள்.

இரண்டாவது கேள்விக்குப் பதில், இல்லை. அங்கே தன்பாலினத் திருமணத்துக்கு ஏற்கெனவே சட்டத்தில் தடை இருந்தது. வாக்கெடுப்புக்கு மறுநாளும் அது அப்படியேதான் இருந்தது. பிறகு ஏன் அரசியலமைப்பு வரை போனார்கள்? சாதாரணச் சட்டத்தை அடுத்த சட்டமன்றம் மாற்றிவிடலாம், மாநில நீதிமன்றமும் ரத்து செய்யலாம். அரசியலமைப்பில் ஏற்றிவிட்டால் இரண்டும் முடியாது. 2011இல் இரு அவைகளிலும் பெரும்பான்மை வைத்திருந்த குடியரசுக் கட்சி அதைத்தான் செய்யப் பார்த்தது. ஆளுநர் மார்க் டேட்டன் மறுப்புக் கையெழுத்துப் போட்டார். திருத்தத்தை மக்களிடம் அனுப்ப ஆளுநரின் சம்மதம் தேவையில்லை என்பதால் அது வெறும் அடையாளம்தான்.

திருத்தம் தோற்ற அதே நாளில் அந்தக் கட்சி இரு அவைகளையும் இழந்தது. என் கணக்கில் இந்த இரண்டாவது தோல்விதான் பெரியது. 2013 மே மாதம் புதிய சட்டமன்றம் இரு அவைகளிலும் 75–59, 37–30 என்ற வாக்குகளில் தன்பாலினத் திருமணச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆகஸ்ட் 1 முதல் அமல். திருத்தம் ஜெயித்திருந்தால் அதே உறுப்பினர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

2015 தீர்ப்புக்குப் பிறகு இதெல்லாம் பழங்கதை என்று நீங்கள் நினைப்பது புரிகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கருக்கலைப்பு உரிமை பற்றிய 1973ஆம் ஆண்டுத் தீர்ப்பை 2022இல் தூக்கி எறிந்ததும் அதே உச்ச நீதிமன்றம்தான். கலிஃபோர்னியா மக்கள் அந்த ஆபத்தை உணர்ந்துதான், செல்லாமல் கிடந்த 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தை 2024இல் இன்னொரு வாக்கெடுப்பு வைத்து நீக்கினார்கள். வட கரோலினாவில் 2012 மே மாதம் 61 சதவீத ஆதரவோடு நுழைந்த இதே போன்ற திருத்தம் இன்னும் அரசியலமைப்பில் இருக்கிறது. அதை எடுக்க இரு அவைகளிலும் ஐந்தில் மூன்று பங்கு உறுப்பினர்கள் சம்மதிக்க வேண்டும், அதன் பிறகு மக்களிடமும் போக வேண்டும். மினசோட்டாவுக்கு அந்த வேலை இல்லை.