கும்பகோணம், மன்னார்குடி பக்கம் முதலீட்டுக்கு மனை வாங்கலாமா? கடன், கிரயச் செலவு, சர்வே பற்றி

கும்பகோணம், மன்னார்குடி பக்கம் முதலீடாக இரண்டு மனை வாங்கப் போவதாகவும், எந்த வங்கியில் கடன் வாங்கலாம், கிரயச் செலவு எவ்வளவு, சர்வே செய்துதான் ஆக வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சர்வேயிலிருந்தே தொடங்குகிறேன். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அளந்துவிடுங்கள்.

2018ல் மன்னார்குடி பக்கத்தில் 30க்கு 60 என்று 1,800 சதுர அடி மனை வாங்கினேன். வங்கி வக்கீல் தாய்ப் பத்திரம், வில்லங்கம் எல்லாம் பார்த்துச் சரி என்றார். வங்கி அனுப்பிய இன்ஜினியர் வந்து நான்கு போட்டோ எடுத்துக்கொண்டு போனார். அளக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து வேலி போடலாம் என்று சர்வேயரைக் கூப்பிட்டோம். புலப்படத்தை, அதாவது நிலத்தின் எல்லை அளவுகள் உள்ள சர்வே வரைபடத்தைப் பார்த்துவிட்டு, பழைய வரப்பு முனையில் கடப்பாறை போட்டுத் தோண்டச் சொன்னார். முழங்கால் ஆழத்தில், சேற்றுக்குள் சர்வே கல் இருந்தது. அங்கிருந்து டேப் பிடித்தால், கிழக்கே 6 அடி வாய்க்கால் புறம்போக்கு. என் மனை 1,620 சதுர அடிதான். இல்லாத அந்த 180 சதுர அடிக்கும் சேர்த்துத்தான் முத்திரைத் தீர்வை கட்டினேன், இன்றுவரை வட்டியும் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

நம் பக்கம் நிலத்துக்கு நிலம் வாய்க்கால் ஓடுகிறது. வருடா வருடம் வரப்பு வெட்டும்போது எல்லை கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துவிடும். அதனால் வரப்பை நம்பாதீர்கள். புலப்படத்தை அரசின் இணையதளத்திலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அளவு மீட்டரில் இருக்கும். அத்து, அதாவது எல்லையை அளந்து காட்டச் சொல்லி விண்ணப்பம் போடுவதும் இணையத்திலேயே முடியும். பட்டா விற்பவர் பெயரில் இருப்பதால் அவரையே போடச் சொல்லுங்கள், கட்டணத்தை நீங்கள் கொடுத்துவிடுங்கள். அவர் தயங்கினால் அந்த மனையை விட்டுவிடலாம். ஜூன் 12ல் மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் கல் தேடுவது பெரிய பாடு. சித்திரை, வைகாசிதான் அளக்கத் தோதான காலம்.

மொத்தமாக நிலம் பேசினால் மா கணக்கு வரும். மூன்று மா ஒரு ஏக்கர் என்பார்கள். ஒரு குழி 144 சதுர அடி, 100 குழி ஒரு மா. அப்படியென்றால் மூன்று மா 43,200 சதுர அடி. ஏக்கரோ 43,560. இந்த 360 சதுர அடிக்கும் சேர்த்து விலை பேசிவிடாதீர்கள்.

கடனைப் பொறுத்தவரை, முதலில் பொதுத்துறை வங்கிக்குப் போங்கள். அங்கே மறுத்த மனைக்கு ஒரு நிதி நிறுவனம் கூடுதல் வட்டியில் கடன் தருகிறேன் என்றால், பொதுத்துறை வங்கி ஏன் மறுத்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் நகர் ஊரமைப்பு அனுமதி இல்லாத நஞ்சையாக இருக்கும், அல்லது அடிமனை கோயிலுக்குச் சொந்தமாக இருக்கும். கும்பகோணம் மாதிரி ஊரில் கட்டடம் மட்டும் கைமாறி, மண் கோயில் பெயரிலேயே இருப்பது சகஜம். அப்புறம், மனைக் கடனில் இத்தனை வருடத்துக்குள் வீடு கட்ட வேண்டும் என்ற நிபந்தனை பல வங்கிகளில் உண்டு. சும்மா போட்டு வைக்க வாங்குகிறீர்கள் என்பதால் சொல்கிறேன், அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கிரயச் செலவு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். நான் வாங்கியபோது பதிவுக் கட்டணமே 4 சதவீதம், 2023ல் குறைத்தார்கள். 20 லட்சம் மனைக்கு 1,80,000 ரூபாய். இதைக் கையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள், வங்கிக் கடனில் இது வராது. வீட்டுப் பெண்கள் பெயரில் 10 லட்சம் வரை வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும். பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பை, அதாவது பதிவுக்காக அரசு வைத்திருக்கும் குறைந்தபட்ச விலையை மட்டும் எழுதி மீதியை ரொக்கமாகக் கொடுங்கள் என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். வங்கி பத்திர விலையைப் பார்த்துத்தான் கடன் தரும், உங்கள் கைப்பணம் அதிகம் போகும். நாளை விற்கும்போது லாபமும் கூடுதலாகத் தெரிந்து வரியும் கூடும்.

வங்கிச் செலவுகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டாம். பரிசீலனைக் கட்டணம், வக்கீல், மதிப்பீடு எல்லாம் ஒரே தாளில் வரும் முக்கிய விவரத் தாளை 2024 அக்டோபரிலிருந்து அவர்கள் கொடுத்தே ஆக வேண்டும். இரண்டு வங்கித் தாளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடனுக்காகப் பத்திரத்தை ஒப்படைக்கும் ஆவணத்தைப் பதிவு செய்யவும் தனிச் செலவு உண்டு. கடன் முடிந்த 30 நாளில் பத்திரம் திரும்பி வர வேண்டும், அவர்கள் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் வங்கி தர வேண்டும்.

வில்லங்கச் சான்றில் வாய்மொழிக் குத்தகை தெரியாது. விஏஓவிடம் சாகுபடிப் பதிவேடான அடங்கலைப் பார்த்து, யார் சாகுபடி செய்தார்கள் என்று விசாரியுங்கள். பக்கத்து வயல்காரரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். என் மனை ஓரத்தில் வாய்க்கால் எதுவரை போகிறது என்பது அவருக்கு முன்பே தெரியும், நான்தான் கேட்கவில்லை.